உயர்த்திய ஜீப் உதறுவது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒக்கலிபுரம் ரயில் பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஜீப்பு ஒன்றிரண்டாவது கண்ணில் படும். ஜிப்சி, தார், பழைய மகிந்திரா என்று வகை பல. டயர் ஒவ்வொன்றும் லாரி டயரோ என்று நினைக்கத் தோன்றும். சக்லேஷ்பூர், சிக்கமகளூர், குடகு என்று மலை ஏறப் புறப்பட்ட வண்டிகள் அவை. ஆசைப்பட்டு உயர்த்தியவர் பக்கத்து இருக்கையில் இருப்பார். சம்பளத்துக்கு ஸ்டீரிங் பிடிப்பவர் வேறு ஒருவர். கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த நம்மவராகவும் அவர் இருக்கலாம்.

சேறு, பாறை, ஓடைத் தண்ணீர் எல்லாவற்றையும் இந்த வண்டி தாண்டிவிடும். திரும்பி வரும்போது நல்ல தார் ரோட்டில்தான் வினை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டீரிங் இடமும் வலமும் உதற ஆரம்பிக்கிறது. கையால் பிடித்து நிறுத்த முடியாது. முன் சக்கரங்கள் இரண்டும் காய்ச்சல்காரனைப்போல் நடுங்கும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அந்த ஆட்டம் ஓயும். அமெரிக்காவில் ஜீப்காரர்கள் இதற்கு ‘மரண ஆட்டம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், பின்னால் லாரி வரிசை வந்துகொண்டிருக்கும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஆனதும் பழி முதலில் டிரைவர் தலையில்தான் விழும். “உனக்கு ஓட்டத் தெரியவில்லை” என்பார்கள். பழுது எங்கே என்று விரல் நீட்டிக் காட்டத் தெரிந்தால்தான் அந்தப் பழியிலிருந்தும், அதைவிடப் பெரிய ஆபத்திலிருந்தும் தப்பலாம். அதற்குப் பெரிய கருவி ஏதும் வேண்டாம். ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, ஓர் அளவு டேப், உதவிக்கு ஓர் ஆள். இவை போதும்.

எப்படி உயர்த்துகிறார்கள்?

மகிந்திரா கம்பெனி 1949-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்த காலத்திலிருந்து, முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், அதைத் தாங்கப் பட்டை என்பதுதான் ஜீப்பின் அமைப்பு. 1985-ல் வந்த மாருதி ஜிப்சியும் அதே ஜாதிதான். ஜிப்சியைப் பொதுமக்களுக்கு விற்பது 2019-ம் ஆண்டு அளவில் நின்றுவிட்டது. ஆனாலும் ராணுவம் கழித்துக்கட்டிய ஜிப்சிகளை ஏலத்தில் எடுத்து உயர்த்துகிறவர்கள் ஏராளம்.

உயர்த்துவதற்குப் பல வழிகள் உண்டு. பட்டையின் முனையில் தொங்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது மலிவான வழி. வண்டி 1 அங்குலம் எழும்ப வேண்டுமானால் ஷேக்கிள் 2 அங்குலம் நீள வேண்டும் என்பது கணக்கு. ஆக்சில், பட்டையின் நடுவில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? முனையில் கொடுத்ததில் பாதிதான் நடுவுக்கு வந்து சேரும். இன்னொரு வழி, பட்டையைக் கொல்லுப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றுவது அல்லது கூட ஒரு பட்டை சேர்ப்பது. ஜிப்சியில் மூன்றாவது வழியும் உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது அதில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றி வெல்டிங் வைத்தால் ஒரே தாவலில் நாலைந்து அங்குலம் எழும்பிவிடும். 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியில் பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங். அதில் ஸ்பிரிங்கை உயரமாகப் போடுவார்கள், அல்லது ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டை வைப்பார்கள்.

வண்டி எழும்பிவிடும். ஆனால் கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்த கோணம் ஒவ்வொன்றும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

சைக்கிளைக் கவனியுங்கள்

சைக்கிளின் முன் கவை நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. ஓடும் சைக்கிளில் கையை எடுத்தாலும் சக்கரம் நேர் நிற்பதற்கு அந்தச் சாய்வு ஒரு முக்கியக் காரணம். ஜீப்பின் முன் சக்கரமும் இப்படித்தான். அது திரும்புகிற கிங் பின்னின் மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருக்கும். மெக்கானிக்குகள் இதைக் கேஸ்டர் என்பார்கள். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான்.

ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள், பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் பட்டையின் முன்முனை கீழே போகும். ஆக்சில் முன்பக்கமாகக் கவிழும். கேஸ்டர் குறையும். எவ்வளவு குறையும்? பட்டை சுமார் 1 மீட்டர் நீளம், ஒரு முனை 5 சென்டிமீட்டர் இறங்கியது என்றால் ஏறக்குறைய 3 டிகிரி. கம்பெனி கொடுத்திருந்ததே சில டிகிரிதான். இருந்ததில் பெரும்பங்கு ஒரே நாளில் போய்விடுகிறது! இதற்குப் பிறகு அந்த வண்டி நேராக ஓடாது, ரோட்டில் மேயும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் திரும்பி வராது. பள்ளத்தில் விழுந்தால் உதறும்.

இதற்கு வைத்தியம், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து ஆக்சிலைப் பின்னால் சாய்ப்பது. ஆனால் எத்தனை டிகிரி என்று அளந்து வைக்க வேண்டும். கண் திட்டத்தில் தடியான ஆப்பைச் சொருகினால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் அதிகமாக வளைந்து, நாலு சக்கர ஓட்டத்தில் கடகடக்கும். ஆப்பு இரும்பாகவே இருக்கட்டும். அலுமினிய ஆப்பு பாரத்தில் நசுங்கி நழுவுவது உண்டு.

முதல் கேள்வி

வண்டி பட்டறைக்கு வந்ததும் ஸ்பேனரை எடுப்பவன் நல்ல மெக்கானிக் அல்ல. அனுபவப்பட்ட மேஸ்திரி முதலில் வாயால்தான் சோதிப்பார். பேச்சு இப்படிப் போகும்:

“எந்த வேகத்துல ஆடுது தம்பி?”

“அறுபதுல அண்ணே.”

“எழுபது போனா நின்னுடுதா?”

“எங்க அண்ணே போறது? அறுபதுலயே உயிர் போயிடுது. நிறுத்தினாத்தான் நிக்குது.”

“சும்மா போறப்பவே ஆடுதா, பள்ளத்துல விழுந்தாத்தானா?”

“பாலத்து மேல அந்த இரும்புப் பட்டி ஜாயிண்ட் இருக்கே அண்ணே, அதுல ஏறினாத்தான்.”

இந்த நாலு பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய நடுக்கம், அதற்கு மேல் போனால் அடங்குகிறது என்றால் சந்தேகம் டயர் மீது. பேலன்ஸ் சரியில்லை, அல்லது ரிம் வளைந்திருக்கிறது. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு கூடவே பின்னால் போய்விட்டால் டயர்தான் குற்றவாளி. ஸ்டீரிங்கில் ஒன்றும் தெரியவில்லை, உட்கார்ந்திருக்கும் சீட்டு மட்டும் அதிர்கிறது என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். உயரம் கூடியதால் அதன் ஜாயிண்ட் கோணம் மாறியிருக்கும். பள்ளத்தில் தட்டியதும் தொடங்கி, வண்டி ஏறக்குறைய நிற்கும்வரை ஓயாத உதறல் என்றால் அதுதான் நாம் மேலே சொன்ன மரண ஆட்டம். எங்கேயோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. கேஸ்டரும் குறைந்திருந்தால் நெருப்புக்கு எண்ணெய் வார்த்த கதைதான்.

கண்ணால் பார்க்கும் சோதனை

வண்டியைத் தரையில் நிறுத்துங்கள். ஜாக்கி வேண்டாம், டயர்கள் பாரத்தோடு தரையில் இருக்கட்டும். பவர் ஸ்டீரிங் வண்டியானால் இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உதவிக்கு வந்தவர் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். கால் சுற்று போதும். நீங்கள் குனிந்து, ஸ்டீரிங் தண்டிலிருந்து சக்கரம் வரை வரிசையாகப் பாருங்கள்.

தண்டின் கீழ் ஜாயிண்ட், ஸ்டீரிங் பாக்ஸ், பாக்ஸிலிருந்து தொங்கும் கை, அதிலிருந்து போகும் டிராக் லிங்க், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு, ஒவ்வொன்றின் முனையிலும் உள்ள பால் ஜாயிண்ட். இந்த வரிசையில் ஆட்டம் எந்த இடத்தில் தொலைகிறதோ அங்கேதான் பழுது. ராடு நகர்கிறது, அதில் மாட்டிய கை ஒரு நொடி தாமதித்து நகர்கிறது என்றால் நடுவிலுள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஜாயிண்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள், ‘டக்’ என்று தட்டுவது கைக்குத் தெரியும்.

ஸ்டீரிங் பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பலர் பார்ப்பதே இல்லை. பெரிய டயர் போட்ட வண்டியில் அந்த இடத்துக்குத்தான் அடி அதிகம். போல்ட் தளர்ந்திருக்கலாம், சேஸிஸிலேயே மயிரிழை போல் வெடிப்பு ஓடியிருக்கலாம். சேற்றைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.

ஜிம்னி மாதிரி காயில் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்கு ராடு ஒன்று உண்டு. பான்ஹார்ட் ராடு என்று பெயர். அதன் புஷ் தேய்ந்தாலோ, போல்ட் துளை முட்டை வடிவமாக அகன்றாலோ ஆக்சிலே இடம் வலமாக நடக்கும். உயர்த்தியபின் இந்த ராடு பழைய நீளத்திலேயே இருந்தால் ஆக்சில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். முன்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டுக்கு வெளியே அதிகமாகத் துருத்திக்கொண்டிருப்பது தெரியும்.

ஜாக்கியும் பிரேக்கும்

அடுத்து ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தபிறகே கையை விடுங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து, அதாவது கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்திலும் 6 இருக்கும் இடத்திலும் பிடித்து, உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் தெரிகிறதா? இப்போது உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் சக்கர பேரிங்தான் தளர்ந்திருக்கிறது. மறையாமல் அப்படியே இருந்தால் கிங் பின் பேரிங். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒரே துண்டு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகும் ஆடுவது நக்கிளுக்கு உள்ளே இருக்கும் ஆட்டம்தானே! இந்த ஒரு சோதனை தெரியாததால் நல்ல சக்கர பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசுக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

பிறகு 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து அசையுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகள்.

ஜிப்சியிலும் ஜிம்னியிலும் கிங் பின்னுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சிறிய பேரிங்குகள். ஓடைத் தண்ணீரில் இறங்கும் வண்டியில் சீல் தேய்ந்து, தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். கழற்றிப் பார்த்தால் சேறு கலந்து காப்பி நிறத்தில் இருக்கும். ஓடையில் இறங்கி வந்த வாரம் இதைப் பார்ப்பது நல்லது.

சக்கரம் நேர், ஸ்டீரிங் கோணல்

உயர்த்திய மறுநாளே தெரியும் ஒரு குறை இது. வண்டி நேராக ஓடும், ஸ்டீரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காரணம் சுலபம். சேஸிஸில் இருக்கும் ஸ்டீரிங் பாக்ஸ் மேலே போய்விட்டது, ஆக்சில் கீழேயே இருக்கிறது. நடுவிலுள்ள டிராக் லிங்க் செங்குத்தாகச் சரிந்து, நீளம் போதாமல் இழுக்கிறது.

இதற்கு அவசரக்காரர்கள் செய்யும் வேலை, ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டிவிடுவது. பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் ஸ்டீரிங் பாக்ஸுக்குள் பற்கள் நடு இடத்தில்தான் இறுக்கமாகக் கவ்வும்படி செய்திருக்கிறார்கள், ஓரத்தில் தளர்வு அதிகம். வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் நடுவில் இல்லாமல் ஓரத்தில் வேலை செய்தால், இல்லாத ஆட்டத்தை நாமே உண்டாக்கியதாகும். டிராக் லிங்கின் நீளத்தைத் திருகிச் சரி செய்வதே முறை.

சரிவு மிக அதிகமானால் நீளத்தைத் திருகியும் பயனில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஆக்சில் எழும்பி இறங்கும்போது, சரிந்த லிங்க் சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும். இதற்குக் கீழ்நோக்கி நீண்ட கை மாட்டி லிங்கைப் படுக்கையாக்க வேண்டும். பட்டையை ஆக்சிலுக்கு மேல் மாற்றிய ஜிப்சிகளில் இது செய்யாமல் விட்டால் ரோட்டில் ஓட்டவே முடியாது என்பது என் எண்ணம்.

பட்டை, யூ போல்ட், பிரேக் ஹோஸ்

டேப் எடுத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஆக்சில் நழுவியிருக்கிறது. பட்டைகளை ஊடுருவிப் போகும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். ஒரு பக்கமே இழுக்கிற வண்டிக்கு இந்த அளவை எடுக்காமல் அலைன்மெண்ட் செய்வது வீண் செலவு. உயர்த்திய வண்டியின் யூ போல்ட்டை முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கியே ஆகவேண்டும். புதுப் பட்டை அமர்ந்துகொள்ளும்போது இறுக்கம் குறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக் ஹோஸ். ஆக்சில் முழுவதும் தொங்கும்படி சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் நாண் ஏற்றிய வில் மாதிரி விறைத்து நிற்கிறதா? அப்படியானால் பாறையில் ஒரு சக்கரம் தொங்கும் சமயம் அது அறுந்து போகும். உயர்த்திய உற்சாகத்தில் நீளமான ஹோஸ் போட மறந்த வண்டிகள் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

2020-ல் வந்த புதுத் தாருக்கு முன்பக்கம் முழு ஆக்சில் கிடையாது. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனிக் கைகள். அதில் இந்தப் பெரிய உதறல் அபூர்வம். உயர்த்தினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழியும், திருப்பும்போது ‘டிக் டிக்’ சத்தம் வரும்.

டேம்பர் என்னும் முக்காடு

உதறலுக்குப் பட்டறைகளில் உடனே சொல்லும் மருந்து, “புது ஸ்டீரிங் டேம்பர் போடுங்கள்” என்பது. டேம்பர் என்பது ஸ்டீரிங்குக்குப் படுக்கையாக வைத்த ஷாக் அப்சார்பர். புதிது மாட்டினால் உதறல் அடங்கும், சந்தேகமில்லை. ஆனால் தேய்ந்த ஜாயிண்ட் தேய்ந்தபடியே இருக்கும். சில மாதத்தில் டேம்பரும் களைத்துவிடும், அதற்குள் ஜாயிண்ட் இன்னும் மோசமாகியிருக்கும். ஜே.சி. ரோட்டில் டேம்பர் வாங்கப் போவதற்கு முன்பு, மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள். எல்லா இணைப்பும் இறுக்கமாக உள்ள வண்டி, டேம்பர் இல்லாமலே உதறாமல் ஓட வேண்டும்.

பெரிய டயர் வேகமானியையும் ஏமாற்றும். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் ஏறக்குறைய 693 மில்லிமீட்டர் உயரம். அதற்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் 787 மில்லிமீட்டர். முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 68-ல் போய்க்கொண்டிருக்கும். “அறுபதுலதான் போனேன்” என்று டிரைவர் சத்தியம் செய்தாலும் போலீஸ் கேமரா ஒப்புக்கொள்ளாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இது இடம் கொடுக்கும். தண்டனை உரிமையாளருக்கு என்றாலும், விபத்து வழக்கில் முதலில் எழுதப்படுவது டிரைவர் பெயர்தான். உதறுகிற வண்டியை எடுக்கச் சொன்னால், இன்ன இடத்தில் இன்ன பழுது இருக்கிறது என்று தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் ஆகிவிடாது.

ரோட்டில் உதறினால்

வழியில் உதற ஆரம்பித்துவிட்டால் பிரேக்கைத் திடீரென்று முழுசாக மிதிக்காதீர்கள். பாரம் முன்னால் வந்து ஆட்டம் அதிகமாகும். ஆக்சிலேட்டரை விடுங்கள். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள், ஆனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேகம் குறையக் குறைய மெதுவாகப் பிரேக் கொடுத்து இடது ஓரத்துக்கு வாருங்கள். பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய ஜீப்பு ஓட்டியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: கட்டை விரலை ஸ்டீரிங் கம்பிக்கு உள்ளே விடமாட்டார்கள், வளையத்தின் மேலேயே வைத்திருப்பார்கள். சக்கரம் கல்லில் மோதி ஸ்டீரிங் சுழன்றால் கம்பி விரலை முறித்துவிடும். உதறலிலும் அப்படித்தான்.

வண்டி நின்றபிறகு உடனே கிளம்பாமல் இறங்கி, முன் சக்கர நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அதன்பின் டை ராடு முனைகளில் பூட்டுப் பின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின் இல்லையென்றால் அங்கிருந்து வண்டி டோயிங் வண்டியில்தான் போக வேண்டும்.